காஷ்கருக்கு நான்கு கணவாய்கள்: எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

பாமிர், தியன் ஷான், காரகோரம் என்ற மூன்று மலைத்தொடர்களும் நெருங்கி வரும் மூலையில், அவற்றின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது காஷ்கர். சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் மேற்குக் கோடியில் உள்ள பெரிய நகரம். விமானம் ஏறாமல் மேற்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ அங்கே போய்ச் சேர நினைப்பவருக்கு நான்கு மலைப்பாதைகள் உண்டு. கிர்கிஸ்தானிலிருந்து இர்கெஷ்டாம், டோருகார்ட் என்று இரண்டு. தஜிகிஸ்தானிலிருந்து குல்மா. பாகிஸ்தானிலிருந்து குஞ்சராப்.

இந்த நான்கையும் ஒப்பிடுகிறவர்கள் முதலில் உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். இர்கெஷ்டாம் எல்லை ஏறத்தாழ 3,000 மீட்டர். டோருகார்ட் 3,752. குல்மா 4,362. குஞ்சராப் 4,693. சாகசம் தேடுபவர் பெரிய எண்ணைப் பிடித்துக்கொள்கிறார், மூச்சு வாங்குமோ என்று அஞ்சுபவர் சிறிய எண்ணைப் பிடித்துக்கொள்கிறார். இருவரும் ஏமாறுகிறார்கள். தெற்குக் கிர்கிஸ்தானின் ஓஷ் நகரிலிருந்து இர்கெஷ்டாம் போகும் சாலை, எல்லையை அடையும் முன்பே 3,615 மீட்டர் உயரமுள்ள தால்திக் கணவாயைத் தாண்டியாக வேண்டும். டோருகார்டைவிட அது வெறும் 137 மீட்டர்தான் குறைவு. ஓஷிலிருந்து பாமிர் நெடுஞ்சாலை வழியாக குல்மாவுக்குப் போகிறவரோ 4,655 மீட்டர் உயர அக்-பைதால் கணவாயில் ஏறி இறங்க வேண்டும். குஞ்சராப்புக்கு அது கிட்டத்தட்டச் சமம். எல்லைக்கல் எந்த உயரத்தில் நடப்பட்டிருக்கிறது என்பது நுரையீரலுக்குத் தெரியாது. சாலையின் மிக உயர்ந்த புள்ளியும் இரவில் படுக்கும் ஊரின் உயரமும்தான் அதற்குத் தெரியும்.

உயரத்துக்குப் பிறகு திரும்பி வருகிறேன். அதைவிட முதன்மையான கேள்வி ஒன்று இருக்கிறது: ஒரு நாட்டின் வெளியேறும் முத்திரைக்கும் அடுத்த நாட்டின் நுழைவு முத்திரைக்கும் நடுவே உள்ள நிலத்தை உங்களைக் கடத்திவிடப் போவது யார்?

ஒரு கேட், இந்தப் பக்கம் ஒரு சிப்பாய், அந்தப் பக்கம் ஒரு சிப்பாய், நடுவில் பத்தடி நடை. எல்லை என்றதும் பலருக்கு மனத்தில் வருவது இந்தப் படம்தான். இந்த மலைகளில் அது பொருந்தாது. கணவாயின் உச்சியில் குடிவரவு அலுவலகம் நடத்துவது கடினம் என்பதால், அலுவலகங்கள் கீழே மக்கள் வாழக்கூடிய ஊர்களுக்கு இறங்கிவிட்டன. சீனப் பக்கத்தில் இது நன்றாகவே தெரியும். இர்கெஷ்டாமில் நுழைபவருக்கு முத்திரை கிடைப்பது எல்லையிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் உலுக்சாத் ஊரில். சீன மொழியில் அதன் பெயர் வூசியா. டோருகார்டில் நுழைபவருக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் கீழே இருக்கும் தோபாவில். குஞ்சராப்பில் இன்னும் விநோதம். பாகிஸ்தான் முத்திரை சோஸ்ட் ஊரில், சீன முத்திரை டாஷ்குர்கானில், நடுவே 200 கிலோமீட்டருக்கு மேல். இந்த இடைநிலத்தில் நடக்க முடியாது. சைக்கிளில் போகவும் விடமாட்டார்கள். வழியில் வரும் வண்டியைக் கைகாட்டி நிறுத்தி ஏறுவதும் சீனப் பக்கத்தில் நடக்காது. அனுமதி பெற்ற வண்டியில்தான் போக வேண்டும். அந்த வண்டி எப்படி வருகிறது, யார் காசு கொடுக்கிறார்கள், அது வராவிட்டால் என்ன ஆகும் என்பதில்தான் நான்கு வழிகளும் உண்மையில் வேறுபடுகின்றன.

தனியாகப் போகிறவருக்கு இர்கெஷ்டாம்

தனி ஆளாக, பயண முகவர் துணையில்லாமல், பெரிய செலவில்லாமல் போக நினைப்பவருக்கு என் பரிந்துரை இர்கெஷ்டாம்தான். காரணம் எளிது. இங்கே இடைநிலத்தைக் கடக்க வண்டியை முன்கூட்டியே ஏற்பாடு செய்யத் தேவையில்லை. கிர்கிஸ் சாவடியில் முத்திரை வாங்கிய பிறகு சீனாவின் முதல் வாயில்வரை சில கிலோமீட்டர் இருக்கிறது. எல்லைக் காவலர்கள் சரக்கு லாரி ஓட்டுநர் யாரிடமாவது சொல்லி ஏற்றிவிடுவது வழக்கம். சீன வாயிலில் முதல் சோதனை முடிந்ததும், உலுக்சாத் வரை செல்ல அனுமதி பெற்ற டாக்ஸிகள் இருக்கும். மற்ற பயணிகளோடு பங்கிட்டுக்கொண்டு போகலாம். பல நேரம் பாஸ்போர்ட்டை ஓட்டுநரே வாங்கி வைத்துக்கொள்வார், குடிவரவுக் கூடத்தில்தான் திரும்பத் தருவார். முதல் தடவை போகிறவருக்கு வயிற்றைக் கலக்கும், ஆனால் அங்கே அதுதான் நடைமுறை. உலுக்சாத்திலிருந்து காஷ்கர் இன்னும் நூறு கிலோமீட்டர் போல. அதன் பிறகு வேறு எங்கும் முத்திரை இல்லை.

கிர்கிஸ் பக்கத்தில் ஓஷிலிருந்து சாரி-தாஷ் 185 கிலோமீட்டர், அங்கிருந்து எல்லை ஏறத்தாழ 75. சாரி-தாஷ் ஒரு சந்திப்பூர். தெற்கே தஜிகிஸ்தான், கிழக்கே சீனா, மேற்கே அலாய் பள்ளத்தாக்கு. 7,134 மீட்டர் உயரமுள்ள லெனின் சிகரம் உட்பட எல்லைத் தொடரின் பனிமலைகள் வீட்டு முற்றத்திலிருந்தே வரிசையாகத் தெரியும். வழிகளின் அழகை ஒப்பிடும்போது இர்கெஷ்டாமை எல்லோரும் கடைசியில் வைக்கிறார்கள். அலாய் பள்ளத்தாக்கைத் தெளிந்த வானத்தில் பார்க்காதவர்கள் செய்யும் அநியாயம் அது. எல்லைக்கு முன் வரும் கடைசிக் கிராமம் நூரா. 2008 அக்டோபரில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் இந்தக் கிராமம் தரைமட்டமாகி, எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இன்று சாலையோரம் தெரியும் வரிசை வீடுகள் அதன் பிறகு கட்டப்பட்டவை.

இந்த வழியின் பெரிய சிக்கல் கடிகாரம். கிர்கிஸ்தானைவிடப் பெய்ஜிங் நேரம் இரண்டு மணி முன்னே ஓடுகிறது. சீன அரசு அலுவலகங்கள் ஷின்ஜியாங்கிலும் பெய்ஜிங் நேரத்தையே பின்பற்றுகின்றன. சீனப் பக்கத்து மதிய இடைவேளை நீளமானது. கிர்கிஸ் கடிகாரத்தில் பதினொரு மணிக்கு எல்லையை அடைந்தவர் சீக்கிரமே வந்துவிட்டதாக நினைப்பார். சீனக் கடிகாரத்தில் அப்போது பிற்பகல் ஒரு மணி. இடைவேளைக்கு முன் வாயிலைத் தாண்டாவிட்டால், லாரி வரிசையின் புழுதியில் மணிக்கணக்காகக் காத்திருக்க நேரும். பிறகு உலுக்சாத் அலுவலகம் மூடும் முன் போய்ச் சேர வேண்டுமே என்ற தவிப்பு வேறு. சாரி-தாஷில் படுத்து, விடியும் முன் கிளம்புவதுதான் இதற்குத் தீர்வு. ஓஷிலிருந்து நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் டாக்ஸியில் போவது இன்னொரு தீர்வு. இரண்டில் எது என்பதை உடல்நிலை சொல்லும்.

சோதனை பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2019 ஜூலையில் பல நாட்டுப் பத்திரிகைகள் இணைந்து ஆராய்ந்து ஒரு செய்தி வெளியிட்டன. இர்கெஷ்டாமில் நுழைந்த பயணிகளின் ஆண்ட்ராய்டு போன்களை எல்லைக் காவலர்கள் வாங்கி, அவற்றில் ஒரு செயலியை ஏற்றி, தொடர்பு எண்களையும் குறுஞ்செய்திகளையும் எடுத்தார்கள் என்பதுதான் அது. போனைத் திறந்து காட்டச் சொல்வது ஷின்ஜியாங்கின் தரைவழி எல்லை எதிலும் நடக்கக்கூடியது. இதை ஒரு வழியின் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நான்கு வழிக்கும் பொதுவான விலை அது. அந்த விலையைக் கொடுக்க மனமில்லாதவர் காஷ்கர் பயணத்தையே மறுபடி யோசிக்க வேண்டும்.

டோருகார்ட்: சேர்ந்து போனால் நியாயம்

கிர்கிஸ்தானின் இன்னொரு வாசல் டோருகார்ட். அழகில் குறை சொல்ல இடமில்லை. நரின் நகரிலிருந்து புறப்படும் சாலை அத்-பாஷி பள்ளத்தாக்கு வழியாகப் போகிறது. வழியில் கொஞ்சம் விலகினால், 3,200 மீட்டர் உயரத்தில் தாஷ் ரபாத் என்ற பழைய கல் சத்திரம், மலைச்சரிவில் பாதி புதைந்ததுபோல் நிற்கும். 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பட்டுப்பாதை வணிகர்கள் ஒட்டகங்களோடு தங்கிய இடம். அதைத் தாண்டி மேலே ஏறினால், 3,500 மீட்டருக்கு மேல் பரந்து கிடக்கிறது சத்திர்-கோல் ஏரி. இன்று சாலை முழுக்கச் செப்பனிடப்பட்டுவிட்டது. பழைய பயணிகள் சொல்லும் புழுதிக் கதைகளை நம்பி அஞ்ச வேண்டாம்.

சிக்கல் வேறு இடத்தில். வெளிநாட்டுப் பயணி டோருகார்டைக் கடக்க, சீனப் பக்கத்து வண்டி முன்கூட்டியே ஏற்பாடாகி, கணவாய் உச்சியில் உள்ள எல்லை வளைவு வாயிலுக்கு வந்து காத்திருக்க வேண்டும். அந்த வண்டி வந்துவிட்டது என்ற உறுதி இல்லாமல் கிர்கிஸ் காவலர்கள் உங்களை வளைவுக்கு விடமாட்டார்கள். ஆக, உங்களுக்கு இரண்டு வண்டிகள் தேவை. நரினிலிருந்து மேலே வர ஒன்று, மேலிருந்து காஷ்கருக்கு இறங்க ஒன்று. இரண்டும் வெவ்வேறு நாட்டு முகவர்கள் அனுப்புபவை. வெவ்வேறு கடிகாரம் பார்க்கும் இரண்டு ஓட்டுநர்கள், போன் சிக்னல் நம்ப முடியாத ஓர் இடத்தில், ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். ஒருவர் தாமதித்தால் மற்றவர் காத்திருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

செலவின் பெரும்பகுதி சீனப் பக்கத்து வண்டிக்குத்தான் போகிறது. அதன் வாடகை ஆள் கணக்கில் இல்லை, வண்டி கணக்கில். நான்கு பேர் பங்கிட்டால் தாங்கும். ஒருவரே கொடுத்தால், இர்கெஷ்டாம் வழியில் போய் மிச்சமாகும் பணத்தில் காஷ்கரில் பல நாள் தங்கிச் சாப்பிடலாம். எனவே டோருகார்டைத் தேர்ந்தெடுக்க நியாயமான காரணங்கள் என்று எனக்குத் தோன்றுபவை இரண்டுதான். குழுவாகப் போவது ஒன்று. இசிக்-குல் ஏரி, நரின் பக்கம் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பதால், தென்மேற்கே ஓஷ் வரை மலைகளைச் சுற்றிக்கொண்டு போவதே அலுப்பு என்பது மற்றொன்று. தாஷ் ரபாத்தைப் பார்ப்பதற்காக மட்டும் என்றால், நரினிலிருந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி, இர்கெஷ்டாம் வழியாகப் போகலாம். எல்லையைக் கடப்பதும் சத்திரத்தைப் பார்ப்பதும் ஒரே நாளில் நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உண்மையில் எல்லை கடக்கும் நாளில் எதையும் பார்க்க நேரம் ஒதுக்கவே கூடாது.

2024 டிசம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட சீனா–கிர்கிஸ்தான்–உஸ்பெகிஸ்தான் ரயில்பாதை டோருகார்ட் பக்கமாகத்தான் வரப்போகிறது. அது ஓடத் தொடங்கினால் இந்த ஒப்பீட்டையே புதிதாக எழுத வேண்டியிருக்கும். இப்போதைக்குக் கட்டுமானம்தான் நடக்கிறது, ரயில் ஓடவில்லை.

குஞ்சராப்: கடக்க முடிந்தவர்களுக்கு

நான்கிலும் உயரமானது, இடைநிலம் நீளமானது, ஆனால் கடப்பதற்கு மிகச் சுலபமானது. முரணாகத் தோன்றலாம். காரணம் சோஸ்டுக்கும் டாஷ்குர்கானுக்கும் நடுவே ஓடும் பஸ். சோஸ்டில் முத்திரை வாங்கிக்கொண்டு, டிக்கெட் எடுத்து ஏறி உட்கார்ந்தால், 200 கிலோமீட்டர் இடைநிலமும் பஸ்காரரின் பொறுப்பு. கணவாய் உச்சியில் சீனக் காவலர்கள் பைகளைப் பிரித்துப் பார்ப்பார்கள். இடதுபக்கம் ஓடிய வண்டி அங்கே வலதுபக்கத்துக்கு மாறும். டாஷ்குர்கானில் முத்திரை. அங்கிருந்து காஷ்கருக்கு இன்னும் 300 கிலோமீட்டர் போல இருக்கிறது. வழியில் முஸ்தாக் அதா சிகரமும் அதன் அடியில் காராகுல் ஏரியும் வரும். இந்தப் பெயரில் தஜிகிஸ்தானிலும் ஓர் ஏரி உண்டு. வரைபடத்தில் தேடும்போது குழம்ப வேண்டாம்.

காரகோரம் நெடுஞ்சாலை 1970-களின் இறுதியில் கட்டி முடிக்கப்பட்டது. பொதுப் பயணிகளுக்கு எல்லை திறந்தது 1986-இல். நான்கு வழிகளில் பயணத்தையே ஒரு பொருளாக ரசிக்க வைப்பது இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கில்கித், ஹுன்சா, பஸ்ஸு என்று ஒவ்வோர் ஊரும் நிறுத்திவைக்கும். ராக்கபோஷி 7,788 மீட்டர். சாலையிலிருந்தே அதன் அடிவாரம் தொடங்கி உச்சிவரை தெரியும். மலை இடிந்து பிறந்த அத்தாபாத் ஏரி நீலமாகக் கிடக்கும். 2010 ஜனவரி 4 அன்று சரிந்த மலை ஹுன்சா ஆற்றை அடைத்தது. நெடுஞ்சாலை நீருக்குள் மூழ்கியது. 2015-இல் சுரங்கப் பாதைகள் திறக்கப்படும்வரை, பஸ் பயணிகளும் சரக்கும் ஏன், வண்டிகளும்கூட, படகில்தான் ஏரியைக் கடந்தன. 2022 மே மாதத்தில் ஷிஸ்பர் பனியாற்று ஏரி உடைந்து, ஹஸனாபாத் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. இவற்றை அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இந்தச் சாலையில் போகிறவர் விசா முடியும் நாளை நெருக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. மழையும் பனி உருகலும் சேரும் ஜூலை, ஆகஸ்டில் நான்கைந்து நாள் கையிருப்பு வேண்டும்.

முன்பெல்லாம் குளிர்காலம் முழுக்க, டிசம்பர் முதல் மார்ச் வரை, குஞ்சராப் மூடிக் கிடக்கும். கோவிட் காலத்தில் 2020-இல் மூடியது, 2023 ஏப்ரலில்தான் முறையாகத் திறந்தது. 2024 டிசம்பர் முதல் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். அறிவிப்பு அறிவிப்புதான். ஜனவரியில் 4,693 மீட்டரில் பனி கொட்டினால், அரசாணையைக் காட்டிப் பனியை விலக்க முடியாது. குளிர்காலத்தில் இதை நம்பித் திட்டம் போடுகிறவர் இஸ்லாமாபாத்துக்குத் திரும்பும் வழியையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு ஒரு கசப்பான செய்தி. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு இந்த வழி நடைமுறையில் இல்லவே இல்லை. சாலை போகும் கில்கித்-பால்டிஸ்தான் இந்தியா உரிமை கோரும் நிலம். சுற்றுலாவுக்கென்று அங்கே தனியாகப் போக இந்தியருக்கு விசா கிடைக்கும் என்று கனவு காண வேண்டாம். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் அல்லது மேலை நாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழருக்கு அந்தத் தடை இல்லை. அவர்களுக்கு நேரமும் இருந்தால், நான் முதலில் கைகாட்டுவது குஞ்சராப்பைத்தான்.

குல்மாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2004-இல் திறக்கப்பட்டது. அதன் பிறகு நீண்ட காலம் தஜிக், சீனக் குடிமக்களுக்கும் சரக்கு லாரிகளுக்கும் மட்டுமே உரியதாக இருந்தது. கிழக்குத் தஜிகிஸ்தானின் முர்காப் ஊரிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அங்கிருந்து ஜீப் பிடிக்க வேண்டும். முர்காப்புக்கு வந்து சேருவதே தனிக்கதை. தஜிக் தலைநகர் துஷான்பேயிலிருந்து கோரோக் வழியாக வந்தாலும் ஓஷிலிருந்து வந்தாலும், கோர்னோ-பதக்‌ஷான் பகுதிக்கென்று தனி அனுமதி வேண்டும். ஓஷிலிருந்து வந்தால், 4,280 மீட்டர் உயர கிசில்-ஆர்ட் கணவாயில் கிர்கிஸ்–தஜிக் எல்லையையும் கடக்க வேண்டும். அங்கும் இரண்டு சாவடிகளுக்கு நடுவே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் செம்மண் பாதை, வண்டி நம்முடையதாக இருக்க வேண்டும். 2021, 2022-இல் இரு நாடுகளுக்கும் நடந்த எல்லை மோதலுக்குப் பின் அந்த எல்லை பூட்டப்பட்டது. பிறகு முன் அனுமதி பெற்ற வெளிநாட்டவரை மட்டும் விட்டார்கள். 2025 மார்ச் 13 அன்று இரு நாட்டு அதிபர்களும் கிர்கிஸ் தலைநகர் பிஷ்கெக்கில் எல்லை உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பிறகுதான் நிலைமை தளரத் தொடங்கியது. பாமிரைப் பார்க்கப் போகிறவர், பார்த்து முடித்த கையோடு சீனாவுக்கு இறங்கலாமா என்று யோசிக்கும்போது மட்டும் குல்மாவை எண்ணலாம். காஷ்கரை இலக்காக வைத்துக்கொண்டு குல்மாவிலிருந்து திட்டத்தைத் தொடங்குவது தலைகீழ் வேலை. சாவடியில் திருப்பி அனுப்பினால், சாரி-தாஷுக்கு வந்து இர்கெஷ்டாமில் கடக்க எத்தனை நாள் ஆகும், கிர்கிஸ்தானுக்குள் மறுபடி நுழைய விசா இருக்கிறதா என்ற இரண்டுக்கும் பதில் இருக்க வேண்டும்.

உடம்பின் கணக்கு

உயரத்துக்கு வருகிறேன். 2,500 மீட்டருக்கு மேல் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று மலைநோய் தொடங்கலாம். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, படுக்கும் உயரத்தை ஓரிரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. பகலில் எவ்வளவு ஏறினாலும், இரவில் இறங்கிப் படுத்தால் பெரும்பாலும் உடம்பு மன்னித்துவிடும்.

இந்த விதியை நான்கு வழிகளுக்கும் பொருத்தினால் வரிசை தலைகீழாகிறது. டோருகார்டில் 2,050 மீட்டரில் உள்ள நரினில் தூங்கி எழுந்து, பகலில் 3,752 ஏறி, இரவு 1,290 மீட்டரில் உள்ள காஷ்கரில் படுத்துவிடலாம். உடம்புக்கு நல்ல வழி இதுதான். குஞ்சராப்பும் அச்சுறுத்தும் எண்ணுக்கு மாறாகச் சாதுவானது. கில்கித் 1,500, ஹுன்சா 2,500, சோஸ்ட் 2,800 என்று படிப்படியாக ஏறிப் படுக்கிறோம். உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல்தான். ஆனால் அங்கே யாரும் படுப்பதில்லை. அன்றிரவே டாஷ்குர்கானில் 3,100 மீட்டருக்கு இறங்கிவிடுகிறோம்.

மாறாக, ‘தாழ்வான’ இர்கெஷ்டாமில்தான் பொறி இருக்கிறது. ஏறத்தாழ 1,000 மீட்டரில் உள்ள ஓஷில் காலையில் கிளம்பி, மாலையில் 3,170 மீட்டர் சாரி-தாஷில் படுத்தால், ஒரே நாளில் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் தாவல். தலைவலியோடு நான்கு மணிக்கு எழுந்து எல்லைக்கு ஓடுவது சுகமான காரியம் அல்ல. வழியில் குல்ச்சாவில் ஓரிரவு தங்கிப் போகலாம். அல்லது சாரி-தாஷில் இரண்டு இரவு தங்கலாம், பள்ளத்தாக்கையும் பார்த்த மாதிரி ஆகும். அல்லது ஓஷிலிருந்தே இருட்டோடு கிளம்பி, மேலே படுக்காமலேயே அன்றே காஷ்கர் சேரலாம். குல்மா வழிதான் இந்தக் கணக்கில் மிகக் கடினம். சாரி-தாஷின் 3,170, பிறகு 3,900-ஐ ஒட்டிய தஜிக் காராகுல், பிறகு 3,600 முர்காப் என்று இரவுகள் எல்லாமே மேலேதான். ஓஷிலிருந்து நேரே அப்படி ஏறுவதைவிட, துஷான்பே பக்கமிருந்து கோரோக் வழியாக மெல்ல வருவது நல்லது. மலைநோய்க்கு முன்தடுப்பாக அசிட்டசோலமைட் மாத்திரை எடுக்கலாமா என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்துகொள்ள வேண்டும். சல்பா ஒவ்வாமை இருப்பவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

காகிதங்களும் கிழமையும்

சீன விசா இந்த நான்கு எல்லைகள் எதிலும் கொடுக்கப்படுவதில்லை. இந்தியரும் இலங்கையரும் கிளம்பும் முன்பே வாங்கிவிட வேண்டும். சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட்காரர்களுக்கு 30 நாள் விசா விலக்கு இருக்கிறது. விசா இல்லாமல் 240 மணி நேரம் தங்கிச் செல்லும் வசதியைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதைக் காஷ்கருக்குப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்கிறார்கள். முடியாது, ஷின்ஜியாங் அந்தப் பட்டியலில் இல்லை. கிர்கிஸ்தானின் மின்விசாவில் நுழையவோ வெளியேறவோ நினைப்பவர், அது செல்லுபடியாகும் சாவடிகளின் பட்டியலில் தன் சாவடியின் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். சொந்த வண்டியோடு சீனாவுக்குள் போக ஆசைப்படுகிறவருக்கு, நான்கு வழிகளும் ஒன்றுதான்: முகவர், உடன்வரும் வழிகாட்டி, தற்காலிக நம்பர் பிளேட், தற்காலிக ஓட்டுநர் உரிமம் என்று செலவு எங்கேயோ போய்விடும். சைக்கிள்காரர்களுக்குச் செலவு குறைவு, ஏமாற்றம் அதிகம். கணவாய்வரை மிதித்துப் போய், சீனப் பக்கத்து இறக்கம் முழுவதும் சைக்கிளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

எதிர்த்திசையில், காஷ்கரிலிருந்து வெளியே வருகிறவருக்கு இர்கெஷ்டாம் இன்னும் இலகு. கடிகாரம் இப்போது நம் பக்கம். சீன நேரம் பிற்பகல் நான்குக்கு எல்லையைத் தாண்டினால், கிர்கிஸ்தானில் மணி இரண்டுதான். சாரி-தாஷுக்கு முறையான பஸ் எதுவும் காத்திருக்காது. வாயிலில் நிற்கும் டாக்ஸிக்காரர் சொல்லும் முதல் விலையை ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை, வெளிச்சம் இருக்கும்வரை பேரம் பேச நேரம் உண்டு. குஞ்சராப்பில் மட்டும் வெளியே வருவது சற்றுக் கடினம். 1,290 மீட்டரிலிருந்து நேரே டாஷ்குர்கானின் 3,100-க்கு ஏறிப் படுத்துவிட்டு, மறுநாளே கணவாய். டாஷ்குர்கானில் இரண்டு இரவு தங்கினால் சரியாகிவிடும்.

கிர்கிஸ்–சீன எல்லைகள் இரண்டும் சனி, ஞாயிறுகளில் பயணிகளுக்கு மூடியிருப்பது வழக்கம். இரு நாட்டின் அரசு விடுமுறைகளிலும் அப்படியே. மார்ச் 21 நோரூஸ் புத்தாண்டு, ஆகஸ்ட் 31 கிர்கிஸ் சுதந்திர நாள், அக்டோபர் முதல் வாரத்துச் சீன தேசிய விடுமுறை, சீனப் புத்தாண்டு எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும். திங்களன்று வார இறுதியில் தேங்கிய லாரிகள் வரிசையில் நிற்கும். வெள்ளியன்று கடக்க முயன்று ஏதாவது தடைபட்டால், அடுத்த வாய்ப்பு மூன்று நாள் கழித்துத்தான், அதுவும் அந்தத் திங்கள் வரிசையில். செவ்வாய், புதன், வியாழன் இம்மூன்றில் ஒன்றைப் பிடியுங்கள்.